ஏழு நாள் கடிதமும் ஈதர் போத்தலும்

பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு வந்தால் துள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வன்னியில் ஒரு வளாகத்தின் நட்டப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தபோது எனக்கும் அதே துள்ளல்தான்! உடைந்த கண்ணாடி, காணாமற்போன தண்ணீர் மோட்டர், மாட்டில் மோதிய வான், கூரை ஒழுகி நனைந்த கணினி. ஒரு நிறுவனத்துக்கு வந்த இடர் ஒவ்வொன்றும் திகதி, பெறுமதி, விசாரணை முடிவு என்று நிரல் நிரலாக எழுதப்பட்டிருக்கும் தடித்த புத்தகம் அது. மேடையில் தெரியாத பல்கலைக்கழகம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் உயர்கல்விக்கு இரண்டு பெரிய வாசல்கள். ஒன்று, வவுனியா – மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம். 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமானது. முதல் துணைவேந்தர் பேராசிரியர் த. மங்களேஸ்வரன். மற்றது கிளிநொச்சியின் அறிவியல்நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் அங்கேதான். விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் திரும்பி வந்தது. அப்படிப்பட்ட பீடத்துக்கு இடர் என்றால் என்ன என்று வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நான் எந்த வளாகத்தின் எந்த அறையில் நின்றேன் என்று எழுதமாட்டேன். பேசியவர்களின் பெயரும் இங்கே வராது. அந்த நிபந்தனையில்தான் அலுமாரிகள் திறந்தன.

வாசலிலேயே தொடங்கியது கொண்டாட்டம். “உள்ள போறதெண்டா முதல் எழுதுங்கோ தங்கச்சி, நேரத்தையும் போடுங்கோ” என்று பாதுகாப்பு உத்தியோகத்தர் பேனாவை நீட்டினார். வருகையாளர் புத்தகத்தை நாம் எல்லோரும் ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருக்கிறோம். கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தால் உள்ளே இன்னும் யார் நிற்கிறார்கள் என்று சொல்லப்போவது அந்தப் புத்தகம் மட்டுமே. உள்ளே போன நேரத்தை எழுதிவிட்டு வெளியே வந்த நேரத்தை எழுதாமல் போகிறவருக்காக ஒரு தீயணைப்பு வீரர் புகைக்குள் இறங்க நேரலாம். இதைக் கேட்ட பிறகு நான் வெளியே வரும்போது எழுதிய எழுத்து எவ்வளவு திருத்தமாக இருந்தது தெரியுமா!

அவரிடம் இன்னொரு புத்தகம் இருந்தது, சம்பவப் புத்தகம். இரவுக் காவலில் கண்டது, கேட்டது எல்லாம் அதில் ஏறும். மின்சாரம் நின்ற நேரம், ஜெனரேற்றர் இயங்கிய நேரம், வேலி பிரிந்த இடம். நடுவில் ஒரு வரி: “பி.ப. 6.40. விடுதிப் பாதையில் பாம்பு. பற்றைக்குள் போய்விட்டது.” அவ்வளவுதான். ஆனால் அந்த வரி மறுநாள் காலையில் பராமரிப்புப் பகுதிக்குப் போயிருக்கிறது. பற்றை வெட்டப்பட்டிருக்கிறது. அணைந்து கிடந்த பாதை விளக்குக்குப் புதுக் குமிழ் வந்திருக்கிறது. இரண்டு நாட்களின் பதிவுகளைப் பக்கம் புரட்டி விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒரு பாம்பு யாரையும் கடிக்காமலே ஒரு விளக்கை ஏற்றிவைத்துவிட்டது!

பாம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் வன்னி வளாகத்தின் இடர்ப் பட்டியலில் அது கொழும்பில் இருப்பதுபோல் கடைசியில் இல்லை. புடையன் கடித்தால் வலியும் வீக்கமும் உடனே சொல்லிவிடும். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில், பெரும்பாலும் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. சில மணி நேரத்தில் கண்ணிமை சரியத் தொடங்கும். ஆகவே விடுதியில் கட்டிலும் நுளம்பு வலையும் வசதிக்காக மட்டும் இல்லை, உயிர்க்காப்புக்காகவும் இருக்கின்றன. “கடிச்ச மாதிரி இருந்தது, ஒண்டும் இல்லை” என்று ஒரு பிள்ளை சொன்னாலும் வைத்தியசாலைக்கு ஏற்றுவதே சரியான முறை. கடித்த இடத்தை இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018 ஜூலையில் அந்தச் சேவை வடக்குக்கு வந்ததிலிருந்து இது வன்னிக்குக் கிடைத்த பெரிய வரம்.

இனி நான் ஆவலோடு காத்திருந்த போக்குவரத்துப் பகுதி. ஒரு பழைய மேசை, கொக்கியில் தொங்கும் திறப்புக் கொத்து, ரன்னிங் சார்ட் கட்டுகள். வாகனம் எங்கிருந்து எங்கே போனது, மீற்றர் எவ்வளவு, யார் போனது என்று சாரதி அன்றாடம் எழுதும் தாள் அது. மாத முடிவில் சுருக்கம் தயாரித்து, அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் கணக்காய்வுக்கு அனுப்ப வேண்டும். நிதிப் பிரமாணம் 1646 சொல்வது இது.

வாகனம் மோதினால் என்ன நடக்கும்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஏ9 வீதியில் இரவு நேரத்தில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும் நிலைமை வன்னியில் யாருக்கும் புதிதல்ல. ஒரு வளாக வான் மாட்டில் இடித்து முன் கண்ணாடி போகிறது என்று வையுங்கள். முதலில் ஆட்களுக்குக் காயமா என்று பார்க்கவேண்டும். பிறகு பொலிஸ். அதன்பின் வாகனத்தை அசைக்காமல் காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழைப்பு. அவர்களின் மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே படம் எடுத்து, சாரதியின் வாக்குமூலத்தை எழுதவேண்டும். இந்த வரிசை குழம்பினால் பிறகு கோரிக்கையில் சிக்கல். “அண்ணை, வாகனத்தை ஓரமா எடுத்துப்போட்டுப் பிறகு சொல்லுவம் எண்டு நினைக்கிறவைக்குத்தான் கரைச்சல்” என்று எழுதுவினைஞர் ஒரு சாரதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதன்பிறகு ஓடத் தொடங்குகிறது ஒரு மணிக்கூடு. நிதிப் பிரமாணம் 104(3): நட்டம் நேர்ந்தால் ஏழு நாட்களுக்குள் பூர்வாங்க அறிக்கை. 104(4): மூன்று மாதங்களுக்குள் முழு அறிக்கை. இடையில் ஒரு விசாரணைக் குழு உட்காரும். என்ன நடந்தது, எவ்வளவு நட்டம், யார் பொறுப்பு, இனி நடக்காமலிருக்க என்ன செய்யவேண்டும்? நிதிப் பிரமாணம் 102 இன்படி, ஒரு உத்தியோகத்தரின் தாமதத்தாலோ, அசட்டையாலோ, தவறாலோ, மோசடியாலோ அரசுக்கு நட்டம் வந்தால் அவரே தனிப்படப் பொறுப்பு. ஆகவே அந்த ஏழு நாள் கடிதம் யாருக்கும் விளையாட்டல்ல. சாரதிமார் ஏன் அவ்வளவு கவனமாக எழுதுகிறார்கள் என்பது அன்றைக்கு விளங்கியது. நட்டம் அத்தனையும் கடைசியில் வந்து சேரும் புத்தகம்தான் நிதிப் பிரமாணம் 110 கேட்கும் நட்டப் பதிவேடு, நான் முதலில் சொன்ன அந்தத் தடித்த புத்தகம். தேசிய கணக்காய்வு அலுவலகத்தார் வந்தால் அவர்கள் கேட்கும் புத்தகங்களில் அதுவும் ஒன்று.

எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்திருந்தது, உண்மையாகவே. ஒரு கண்ணாடி உடைந்ததற்கு இவ்வளவு கேள்வி கேட்கும் அரசை யார்தான் மெச்சாமல் இருப்பார்? ஆனால் படித்துக்கொண்டு போகப்போக ஒன்று உறைத்தது. நிதிப் பிரமாணம் காப்பது அரச பணத்தையும் அரச சொத்தையும். வானின் கண்ணாடிக்கு ஏழு நாள் தவணை இருக்கிறது. அதே வானுக்குள் இருந்து நெற்றியில் காயப்பட்ட மாணவிக்கு அந்தப் பிரமாணத்தில் தவணை இல்லை. அவளுடைய காயம் சுகாதார நிலையத்தின் புத்தகத்தில் ஒரு வரி, பொலிஸ் முறைப்பாட்டில் ஒரு வரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைப் பதவி கொடுத்து உட்கார்த்துவதுதான் ஒரு பல்கலைக்கழகத்தின் இடர் முகாமைத்துவம் என்று நான் நினைக்கிறேன்.

காப்புறுதிக்கு வருவோம். ஊழியருக்குப் பல அடுக்குகள் உண்டு. அதில் பலருக்குத் தெரியாத ஒன்று ஈ.ரி.எஃப். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு வேலைகொள்வோர் சம்பளத்தின் 3 வீதத்தைச் செலுத்துகிறார்கள். ஊழியர் ஒரு சதமும் கொடுப்பதில்லை. அது ஓய்வின்போது எடுக்கும் காசு என்றுதான் பேச்சு. ஆனால் அங்கத்தவருக்கு மரணக் காப்புறுதி, நிரந்தர அங்கவீனத்துக்கு உதவி, இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்வில்லைக்கும் உதவி என்று அதற்குள்ளேயே பல நன்மைகள் இருக்கின்றன! இதைச் சொன்னதும் அந்த அறையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வந்து எழுதிக்கொண்டார்கள். வேலையில் காயப்பட்டால் 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022 இல் திருத்தப்பட்டு உச்ச நட்டஈடு 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்ததோடு, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும் உள்ளே வந்தது.

மாணவர் ஊழியர் அல்லர். ஆகவே மேலே சொன்ன இரண்டும் அவர்களைத் தொடாது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017 இல் வந்த ‘சுரக்ஷா’ காப்புறுதி பாடசாலையோடு நின்றுவிடுகிறது. க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டு, இயந்திரமும் அமிலமும் வயலும் இருக்கும் இடத்துக்கு வரும் வயதில், காப்புறுதி யார் கையில் என்பது வளாகத்துக்கு வளாகம் மாறும் ஏற்பாடாகிவிடுகிறது. இது சரியில்லை. இருபது வயதுப் பிள்ளை ஒன்று கடைசல் இயந்திரத்தில் விரலைக் கொடுத்தால், அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் ஒரே விடை இருக்கவேண்டும்.

ஆய்வுகூடம்! என் மனசு அங்கேயே நின்றுவிட்டது. இரசாயனக் களஞ்சியத்தின் கதவைத் திறந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், கையை நீட்டிக் காட்டிய முதல் பொருள் ஒரு சின்னப் பழுப்புப் போத்தல், டைஎதில் ஈதர். “இது எத்தனை பாகையில கொதிக்கும் தெரியுமா அக்கா?” எனக்குத் தெரியவில்லை. 34.6 பாகை செல்சியஸ். வவுனியாவின் சித்திரை வெயிலில் பிற்பகல் வெப்பநிலை அதைத் தாண்டுவது சர்வசாதாரணம்! கண்டியில் அமைதியாக இருக்கும் போத்தல், மின்சாரம் நின்று குளிரூட்டி ஓய்ந்த வன்னிக் களஞ்சியம் ஒன்றில் கொதிநிலைக்கே வந்துவிடும். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் சுவாலையைத் தேடிப்போகும். இன்னொன்று: திறந்த போத்தலில் நாளடைவில் பரொட்சைட்டு உருவாகும், பழைய போத்தல் ஒன்றின் மூடியைத் திருகுவதே வெடிப்புக்குப் போதும். ஆகவே ஒவ்வொரு போத்தலிலும் பேனாவால் எழுதிய ஒரு திகதி, திறந்த நாள். அந்தச் சின்னத் திகதியில் எவ்வளவு உயிர் தொங்குகிறது என்று நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

கதவுக்குப் பின்னால் வெள்ளைப் பருத்தி மேலங்கிகள் வரிசையாகத் தொங்கின. ஏன் பருத்தி? 2008 டிசம்பர் 29 அன்று லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஷெரி சங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர், காற்றுப் பட்டதும் தானே பற்றும் ஒரு திரவத்தைச் சிரிஞ்சியால் எடுத்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சி கழன்றது. மேலங்கி அணிந்திருக்கவில்லை; உடுத்திருந்த செயற்கை நூல் மேற்சட்டை பற்றியது. 18 நாட்களின்பின் இறந்தார். பல்கலைக்கழக ஆய்வுகூட விபத்துக்காகக் குற்றவியல் வழக்கே தொடரப்பட்டது. உலகத்து ஆய்வுகூடங்களில் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு அதன்பின் மாறியது. வன்னியில் ஒரு கதவின் பின்னால் தொங்கும் மேலங்கிக்கு இவ்வளவு தூரத்துக் கதை இருக்கிறது.

வெளியே வந்தால் வன்னிக்கே உரிய இடர்கள். களப்பயணம் போகும் மாணவர் பட்டியலைப் பார்த்தேன்: பெயர், வீட்டுத் தொலைபேசி, ஒவ்வாமை, பயண வழி. பாதையை விட்டு இறங்கக்கூடாத இடங்களும் அதில் குறித்திருந்தன. முகமாலைப் பக்கம் நாட்டின் மிகப் பெரிய மிதிவெடி வயல்களில் ஒன்றாக இருந்தது. 2002 முதல் மனிதாபிமான மிதிவெடி அகற்றல் நடக்கிறது; அந்த வேலையில் முழங்காலில் அமர்ந்து மண்ணைக் கீறிய வன்னிப் பெண்கள் எத்தனையோ பேர். 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. முழுவதையும் அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை தவணை. வெள்ளம் வந்தால் புதைந்து கிடக்கும் வெடிபொருள் வேறிடத்தில் மேலே வரலாம். தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியே திரும்பு, பொலிசுக்குச் சொல். மண் மாதிரி எடுக்கப் போகும் விவசாய மாணவருக்கு இது பாடத்திட்டத்தில் இல்லாத முதற்பாடம்.

வெள்ளமோ, சொல்லவே வேண்டாம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளே நாடெங்கும் பேச்சாக இருந்தன. 2020 டிசம்பரில் புரெவிப் புயல், 2025 நவம்பரில் டித்வாப் புயல். குளம் வான் பாயத் தொடங்கினால் பார்க்கப் போகும் ஆசை இளசுகளுக்கு இயல்பு. துருசுக்குக் கிட்டக் குளிப்பதன் ஆபத்து வெளி மாவட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்குத் தெரியாது. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் கீழே இழுக்கும். முதலாம் வருட அறிமுக நாளில் நூலகத்தைக் காட்டுவதுபோல் இதையும் காட்டவேண்டும் என்று ஒரு விரிவுரையாளர் அடித்துச் சொன்னார். நான் அவர் கட்சி.

துள்ளலை நிறுத்திவிட்டு எழுதவேண்டிய பகுதி ஒன்று உண்டு. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்குப் போன வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவனைப் பகிடிவதையில் கடும் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அடுத்த ஆண்டு 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை, பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டு வரை சிறை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முறைப்பாட்டுக்குத் தனி வழியும் வைத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. எழுதப்படாத முறைப்பாட்டை எந்தச் சட்டத்தாலும் விசாரிக்க முடியாது. பெயர் வெளிவராது என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை, அதில் ஒரு சலுகையும் கூடாது.

1931 இல் ஹைன்ரிக் என்ற அமெரிக்கர் ஒரு நூல் எழுதினார். அவர் ட்ரவலர்ஸ் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தவர். விபத்துக் கோப்புகளைக் குடைந்து குடைந்து பார்த்தவர். ஒரு பெருங்காயத்துக்குப் பின்னால் 29 சிறுகாயங்களும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்றார். அந்த எண்களைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் காயமில்லாத சம்பவத்தையும் எண்ணு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. நாமோ ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு’ என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள். அந்தத் தலைப்பாகை எங்கே, எத்தனை மணிக்கு, யார் நிற்கும்போது விழுந்தது என்று எழுதிவைக்கும் பழக்கம்தான் நமக்கு வேண்டும். நான் பார்த்த சம்பவப் புத்தகத்தில் அந்தப் பாம்பு வரி அதைத்தான் செய்திருந்தது.

பெற்றோரே, பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் பதியும் நாளில் மூன்று கேள்வி கேளுங்கள்: விபத்துக் காப்புறுதி உண்டா? களப்பயணமும் தொழிற்பயிற்சியும் அதில் அடங்குமா? கோரிக்கையை எத்தனை நாளுக்குள் கொடுக்கவேண்டும்? விடையை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளே, வழுக்கிய படியையும் தீய்ந்த வயரையும் மணம் வந்த களஞ்சியத்தையும் கண்டால், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாவிட்டாலும், அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இரண்டையும் இப்போதே கைபேசியில் பதிந்துவிடுங்கள்.